‘அவங்க வெளியாள் இல்லையே சார்!’

கேள்வி இது: “2020இல் கொரோனா சமயத்தில் என் அப்பா பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சமையலறைக்குள் விடுவார். அதே வாரம் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய், நாற்பது பேரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், கணக்குத் தெரியாதவர் இல்லை. சாதாரண மனிதர்கள் தொற்று ஆபத்தை எதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள்? நாளைக்கு இன்னொன்று வந்தால் அவரிடம் எப்படிப் பேசுவது?”

பால் பாக்கெட் விஷயத்தில் உங்கள் அப்பாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் கழுவியவன்தான். பொது சுகாதாரம் படித்து, அந்த இரண்டு வருடமும் சென்னையில் தொடர்பு கண்டறியும் வேலையில் இருந்துகொண்டே கழுவினேன். ஆனால் வளைகாப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஏனென்றால் அந்த வளைகாப்பை நான் போனில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

எங்கள் வேலை எளிமையானது. ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று ரிசல்ட் வந்ததும் கூப்பிட வேண்டும். காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது, அதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து யார் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: “யாரையும் பார்க்கல சார். வீட்டை விட்டு வெளியவே போகல.” சரி, கடைக்கு? “ஒரே ஒரு தடவை அண்ணாச்சி கடைக்கு. ரெண்டு மாஸ்க் போட்டுட்டுத்தான் போனேன். அங்கதான் வந்திருக்கும்.” அண்ணாச்சி கடையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? “அஞ்சு நிமிஷம். வெளிய கயிறு கட்டியிருந்தாங்க, அங்கதான் நின்னேன்.”

அப்புறம் பேச்சை வேறு பக்கம் திருப்பி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று விசாரித்தால் மெல்ல வரும். “ஞாயித்துக்கிழமை அக்கா குடும்பம் வந்திருந்தாங்க, பிரியாணி போட்டோம்.” எத்தனை பேர்? “ஆறு பேரு.” எவ்வளவு நேரம்? “காலைல வந்தாங்க, ராத்திரி போனாங்க.” இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டால், அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “நீங்க வெளியாளுங்களைப் பத்தித்தானே கேட்டீங்க? அவங்க வெளியாள் இல்லையே சார்!”

மறைக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்த ஆபத்துப் பட்டியலில் அக்கா என்ற பெயரே இல்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலின் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். நாம் ஆபத்தை அளப்பது எதிரில் இருப்பவர் நமக்கு யார் என்பதை வைத்து. கிருமிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதன் கணக்கில் இருப்பவை மூன்று: எவ்வளவு நேரம், என்ன காற்று, வாயிலிருந்து எவ்வளவு வந்தது. இந்த மூன்றிலும் அண்ணாச்சியை விட அக்கா பல மடங்கு கூடுதல். அக்காவோடு நாள் முழுக்க இருப்போம், கதவு சாத்திய ஹாலில் இருப்போம், சிரித்துச் சத்தமாகப் பேசுவோம், சாப்பிடுவதற்காக மாஸ்க்கைக் கழற்றி வைப்போம். அண்ணாச்சியிடம் “அரைக் கிலோ துவரம்பருப்பு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நோய் எப்படிப் பரவியது என்று பிற்பாடு நன்றாக ஆராயப்பட்ட இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாட்டுக் குழு. 2020 மார்ச் 10ஆம் தேதி ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். எச்சரிக்கை இல்லாதவர்கள் அல்ல. சானிடைசர் வைத்திருந்தார்கள், கைகுலுக்குவதைத் தவிர்த்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடினார்கள். அவர்களில் ஒருவருக்கு லேசான ஜலதோஷம் போல இருந்தது. கடைசியில் 53 பேருக்கு நோய், இரண்டு பேர் இறந்தார்கள். தெரிந்தவர்கள், வாராவாரம் சந்திப்பவர்கள், ஒரே அறை, வாயைத் திறந்து பாட்டு.

இன்னொன்று சீனாவின் குவாங்சோவில் ஒரு உணவகம். 2020 ஜனவரி 24, அவர்களின் புத்தாண்டுக்கு முந்தைய நாள். ஜன்னல் இல்லாத ஏசி ஹாலில், அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள். வூகானிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து தொடங்கி, அந்த மூன்று மேசைகளிலும் சேர்த்துப் பத்துப் பேருக்கு வந்தது. ஏசியின் காற்று அந்த மூன்று மேசைகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. மேசைக்கு மேசை நடந்து பரிமாறிய ஊழியர்களில் ஒருவருக்கும் வரவில்லை. அன்று ‘யார் யாரையோ தொடுகிறவர், ஊரெல்லாம் சுற்றுகிறவர்’ என்று நாம் பயந்திருக்கக்கூடியது அந்த ஊழியர்களைப் பார்த்துத்தான்.

ஆறடி தூரம் இருந்தால் போதும் என்று சொல்லிச் சொல்லி, காற்று என்ற விஷயமே மறந்துபோனது. எங்கள் களப்பணியாளர்களில் ஒரு அம்மா இதற்கு நல்ல வழி வைத்திருந்தார். வீடு வீடாகப் போய்ச் சொல்வார்: “அடுப்படில மிளகா வறுத்தா ஹால்ல உக்காந்திருக்கறவர் இருமுறாரா இல்லையா? அவர் என்ன ஆறடிக்குள்ளயா இருக்காரு? ஜன்னலைத் திறந்தா நெடி போகுதா இல்லையா? அதே மாதிரிதான்.” கிருமி நெடியைப் போலக் கண்ணில் எரிந்திருந்தால் நம் எல்லோருடைய கணிப்பும் சரியாகத்தான் இருந்திருக்கும். எரியாததுதான் பிரச்சினை.

இதில் இன்னொரு சிக்கல். எல்லா நோயாளிகளும் ஒரே அளவில் பரப்புவதில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 2020இல் எடுத்த தொடர்புப் பட்டியல்களை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். சுமார் 85,000 நோயாளிகள், அவர்களோடு பழகிய ஐந்தே முக்கால் லட்சம் பேர். உலகத்திலேயே அப்போது அவ்வளவு பெரிய பட்டியல் வேறெங்கும் அலசப்படவில்லை. அதில் தெரிந்தது இது: 70 சதவீத நோயாளிகளிடமிருந்து, பரிசோதிக்கப்பட்ட தொடர்புகளில் ஒருவருக்குக்கூடப் பரவியதாகத் தெரியவில்லை. மறுபக்கம், வெறும் 8 சதவீதம் பேரிடமிருந்து புதிய தொற்றுகளில் 60 சதவீதம் கிளம்பியிருந்தது. நான் போன் செய்து வாங்கிய பட்டியல்களில் சிலவும் அந்தக் கணக்குக்குள் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

சாதாரண மனிதரின் கணிப்புக்கு இந்த 70 சதவீதம்தான் பெரிய எதிரி. யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது, அவர் மனைவிக்கு வரவில்லை. அலுவலகத்தில் ஒருவர் இருமிக்கொண்டே வேலை பார்த்தார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்தில் ஏழு தடவை அனுபவம் நமக்குச் சொல்வது, “சும்மா பயமுறுத்துறாங்க” என்பதைத்தான். அது பொய் அனுபவமும் இல்லை. ஹெல்மெட் போடாமல் ஆயிரம் தடவை கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியவரிடம் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுவது போலத்தான். அவர் கையில் ஆயிரம் சாட்சி, நம் கையில் ஒரு அச்சிட்ட தாள். உங்கள் அப்பா வளைகாப்புக்குப் போய் ஒன்றும் ஆகாமல் திரும்பியிருந்தால், அடுத்த காதுகுத்துக்குப் போக அதுவே அனுமதிச் சீட்டு.

சரி, பால் பாக்கெட்டுக்கு வருவோம். கழுவியது மடத்தனம் என்று இன்று சிரிக்கிறோம், எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. 2020 மார்ச்சில் நமக்குக் கிடைத்த தகவல் என்ன? ஆய்வகத்தில் இந்தக் கிருமி பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை உயிரோடு இருந்தது, அட்டையின் மேல் ஒரு நாள் என்று செய்தி வந்தது. அதே மார்ச் 28ஆம் தேதி உலக சுகாதார நிறுவனமே ‘இது காற்றில் பரவுவது அல்ல’ என்று அழுத்தம் திருத்தமாக ட்விட்டரில் போட்டது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து, காற்றைக் கவனியுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கிருமி பட்ட ஒரு பொருளை ஒரு தடவை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் எழுதியது 2021 ஏப்ரலில். அதாவது ஒரு வருடம் கழித்து. பெரியவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பா பாக்கெட்டைக் கழுவியதுதான் சரி. வளைகாப்பில் அவர் எல்லோரிடமும் கைகூப்பி வணக்கம் சொல்லியிருந்தால் அதுவும் சரி.

ஆனால் தகவல் மாறிய பிறகும் கழுவல் நிற்கவில்லையே, அது ஏன்? இங்கேதான் எனக்குச் சுவாரசியம். முதல் காரணம், கைக்கு வேலை கிடைத்தால் மனதுக்கு நிம்மதி. காற்றை என்ன செய்ய முடியும்? பாக்கெட்டைக் கழுவலாம், கதவுப் பிடியைத் துடைக்கலாம், வாசலில் வேப்பிலை கட்டலாம், மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாம். அரசும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் ஒரு கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். உள்ளே நுழைந்து கையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் மேலே மருந்து தெளிக்கும். பல ஊர்கள் அதைப் பார்த்து அதே போல வைத்தன. சில வாரத்துக்குள் மனிதர்கள் மேல் மருந்து தெளிக்காதீர்கள், பயனில்லை, கெடுதல் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகமே சொல்ல வேண்டி வந்தது. நுரையீரலுக்குள் இருக்கும் கிருமிக்குச் சட்டை மேல் மருந்து அடித்து என்ன ஆகும்? ஆனால் அதிலிருந்து வெளியே வந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோயில் குளத்தில் முங்கி எழுந்த முகம்.

இரண்டாவது காரணம் நமக்கே உரியது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், குளித்தால் போய்விடும் என்ற கணக்கு நம் வீடுகளில் ஏற்கனவே இருந்தது. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குத் தண்ணீர், வெளியிலிருந்து வந்தால் கால் கழுவல். தீட்டு என்ற பழைய அச்சில் கொரோனாவை ஊற்றி வார்த்துக்கொண்டோம். கை கழுவும் பழக்கத்துக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் தீட்டு பாக்கெட்டோடு நிற்பதில்லையே. அது எப்போதும் ஆளைத் தேடும். எந்த ஆள் என்பதையும் அது முன்னமே முடிவு செய்து வைத்திருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களை நான்கு மாதம் உள்ளே விடவில்லை. விட்டபோதும் லிஃப்ட் கூடாது, படியில் ஏறி வர வேண்டும். அதே குடியிருப்பில் மாலை ஆனால் கிளப் அறையில் எட்டுப் பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், ஏசி போட்டு, மாஸ்க் தாடையில் தொங்க. அங்கே பத்துப் பன்னிரண்டு பேருக்கு வந்தபோது முதல் பேச்சு, “எந்த வேலைக்காரி கொண்டுவந்தா?” என்பதுதான். பட்டியல் எடுத்ததில் அந்தப் பெண்களில் இருவருக்கு நோய் போனதே அந்த வீடுகளிலிருந்துதான். இதை நான் அந்தச் சங்கத்துச் செயலாளரிடம் சொன்னேன். “அப்படியா?” என்று கேட்டுக்கொண்டார். படியில் ஏறும் விதி அப்படியே இருந்தது.

இதன் உச்சத்தை 2020 ஏப்ரலில் சென்னையே பார்த்தது. கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. உடன் வந்தவர்களுக்கு மண்டை உடைந்தது. இறந்த உடல் மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை, பாதுகாப்பாகச் சுற்றி ஆழமாகப் புதைக்கப்பட்டால் அதிலிருந்து தெருவுக்கு நோய் வர வழியே இல்லை. அந்த இரவில் அங்கே இருந்த உண்மையான தொற்று ஆபத்து, மாஸ்க் இல்லாமல் தோளோடு தோள் உரசிக் கத்திக்கொண்டிருந்த அந்தக் கூட்டம்தான்.

இனி எண்களைப் பற்றி. பயமும் எண்ணும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்று நினைப்போம். தமிழ்நாட்டில் தலைகீழாக நடந்தது. 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாள். மாநிலத்தில் கண்டறியப்பட்டவர்கள் ஒற்றை இலக்கம். அன்று அண்ணா சாலையில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்டது. 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள். ஒரு நாளைக்கு மூவாயிரத்துக்கு மேல், அதுவும் ஏறுமுகத்தில். அதற்கு முந்தைய வாரங்களில் பிரசாரக் கூட்டங்களில் மாஸ்க் போட்டவரைத் தேட வேண்டியிருந்தது. மே 21ஆம் தேதி ஒரே நாளில் 36,184. முதல் அலையின் உச்சமே ஏழாயிரத்தை எட்டவில்லை என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதியது பயமுறுத்தும், பழகியது பயமுறுத்தாது. அபாயங்களை மக்கள் எப்படி உணர்கிறார்கள் என்று பல காலம் ஆராய்ந்த பால் ஸ்லோவிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இலேயே இதை எழுதிவிட்டார். ஒரு ஆபத்தில் எத்தனை பேர் சாவார்கள் என்பதை விட, அது எவ்வளவு புதியது, எவ்வளவு குலைநடுங்க வைப்பது, நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் மனம் அளக்கிறது. 2021இல் கொரோனாவில் எல்லாம் பழகியிருந்தது. காலர் டியூனில் வந்த எச்சரிக்கைகூட எரிச்சலாகியிருந்தது.

ஏறுமுகம் என்றேனே, அதுவும் மனதுக்குப் பிடிபடாத ஒன்று. இரட்டிப்பாகும் எண்ணை நாம் நேர்கோடாக நீட்டிப் பார்க்கிறோம். நேற்று ஐந்நூறு, இன்று அறுநூறு, நூறுதானே கூடியிருக்கிறது என்போம். ஆனால் கந்துவட்டி வாங்கி நொந்தவரிடம் கேளுங்கள், அவருக்குப் புரியும். ஒரு பூ வியாபாரியிடம் நான் அப்படித்தான் விளக்கினேன். “பத்து நாளைக்கு ஒருக்கா அசலே ரெட்டிப்பாகுற வட்டி, அண்ணே” என்றேன். “அய்யோ, அது வீட்டையே எழுதி வாங்கிடுமே” என்றார். எந்த வரைபடமும் செய்யாததை அந்த ஒரு உவமை செய்தது.

எண்ணில் இன்னொரு கோளாறு, நாம் பார்த்த எண் நடந்த எண் அல்ல. 2020 ஜூலையில் சென்னையில் ரத்த மாதிரி எடுத்து எதிர்ப்புப் பொருள் ஆய்வு செய்தபோது ஐந்தில் ஒருவருக்கு மேல், 21.5 சதவீதம் பேருக்கு, நோய் வந்துபோன தடயம் இருந்தது. எழுபது லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்தில் அது சுமார் பதினைந்து லட்சம் பேர். அந்த மாத முடிவில் அரசுக் கணக்கில் இருந்த சென்னை நோயாளிகள் சுமார் ஒரு லட்சம். யாரும் மறைத்ததாகச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வந்ததே தெரியாது. ஆக, “எங்க தெருவுல யாருக்கும் இல்ல” என்று நம்மில் எத்தனை பேர் சொன்னோமோ, அதில் பலவும் தெரியாமல் சொன்ன பொய்.

“வந்தாலும் என்ன, நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருதான் சாகறாங்க” என்ற வாதத்தையும் நிறையக் கேட்டேன். அந்த ஒன்று இரண்டு யாருடைய ஒன்று இரண்டு? 2020இல் பணக்கார நாடுகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு ஒன்று, தடுப்பூசி வருவதற்கு முன்பு 25 வயதுக்காரருக்குத் தொற்றினால் இறக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்றது. 55 வயதில் ஆயிரத்தில் நான்கு. 75இல் நூற்றுக்கு நாலரைக்கு மேல். 85இல் நூற்றுக்குப் பதினைந்து. நம் ஊரில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தைச் சேர்த்தால் நடுவயதுக் கணக்கு வேறு மாதிரியும் வரலாம். இப்போது ஒரே பந்தி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரன், மகன், பாட்டி. மூவரும் ஒரே சாம்பாரைச் சாப்பிடுகிறார்கள், ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஆனால் மூவரும் உட்கார்ந்திருப்பது மூன்று வெவ்வேறு ஆபத்தில். ‘சராசரி’ என்ற எண்ணில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பந்தியில் யாருமே இல்லை.

எண்ணை அடித்துச் சாய்ப்பது முகம். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக், மக்களுக்கு முன்மாதிரியாக அரசு மருத்துவமனைக்கு வந்து தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாயில் முழு அடைப்பு, தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஒன்றிய அரசின் நிபுணர் குழுவும் பிறகு ஆராய்ந்து அதையே சொன்னது. ஆனால் அடுத்த பல வாரங்களுக்கு நான் பேசிய வீடுகளில் பாதியில் அந்தப் பெயர் வந்தது. நாடு முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டு ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போனார்களே என்றால், அவர்களுக்கு முகம் இல்லை. இவருக்கு இருந்தது, அதுவும் நம்மைச் சிரிக்க வைத்த முகம். மரம் நடச் சொன்ன மனிதர் போய்விட்டார் என்ற துக்கத்தில் இருப்பவரிடம் சதவீதத்தைக் கொண்டு நீட்டினால் எடுபடாது. நான் நீட்டிப் பார்த்துத் தோற்றவன்.

அப்புறம் அந்த நெகட்டிவ் ரிசல்ட். அதை மக்கள் பாஸ்போர்ட் மாதிரி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சுற்றினார்கள். ஆர்டி-பிசிஆர் நல்ல பரிசோதனைதான், ஆனால் தொற்றிய முதல் சில நாட்களில் எடுத்தால் இருப்பதையே இல்லை என்று சொல்லிவிடும். அறிகுறி தொடங்கிய நாளிலேயே கணிசமானோருக்கு நெகட்டிவ் காட்டும். திங்கட்கிழமை எடுத்த நெகட்டிவ், வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குச் செல்லாது. இதைச் சொன்னால் “அப்ப எதுக்கு சார் டெஸ்ட்?” என்று கோபப்படுவார்கள். நியாயமான கோபம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, மக்களுக்கு அறிவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் அவர்கள் வேறொரு கணக்கைச் சரியாகப் போட்டார்கள். நாம்தான் தொற்றுக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் தப்பு என்று சிவப்பு மையால் அடித்தோம். கோயம்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். முந்தைய நாள் சந்தையில் கால் வைக்க இடமில்லை. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். மே 5ஆம் தேதி சந்தையையே மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் அங்கிருந்து கிளம்பியது பல மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான தொற்றுகளாகியிருந்தது.

அங்கே நின்ற மூட்டை தூக்கும் ஒருவரோடு பிறகு பேசினேன். அரியலூர்ப் பக்கம். “நாலு நாள் கூலி இல்லைன்னா வாடகை இல்ல சார். அன்னைக்கு ஒரு நாள் ரெட்டைக் கூலி. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்றார். ஒரு பக்கம் வரலாம் வராமலும் போகலாம் என்ற நோய், மறுபக்கம் வந்தே தீரும் வாடகை நாள். அவர் கணிப்பில் எனக்குத் தப்பு தெரியவில்லை. நான்கு நாளுக்கு எல்லாவற்றையும் மூடுவேன் என்று முன்கூட்டிச் சொல்லி, ஒரு நாளுக்குள் ஊரையே ஒரே இடத்தில் கூட்டிய அறிவிப்பில்தான் தப்பு தெரிந்தது. அடுத்த வருடம் 2021 மே மாதம், தளர்வில்லா ஊரடங்குக்கு முன்பு இரண்டு நாள் கடைகள் திறந்தபோதும் அதே நெரிசல்.

உங்கள் அப்பாவின் வளைகாப்பிலும் இப்படி ஒரு மறைந்த கணக்கு இருந்திருக்கும். போகாவிட்டால் என்ன ஆகும்? “நம்ம வீட்டுக்கு அவங்க வந்து செஞ்சாங்க, நாம போகலையே” என்ற பேச்சு பத்து வருடம் நிற்கும். அந்த நஷ்டம் நிச்சயம், நோய் அனுமானம். நிச்சயத்தையும் அனுமானத்தையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று முப்பது வருடம் வங்கியில் இருந்தவருக்குத் தெரியாதா? அவர் விட்டது ஒன்றே ஒன்றுதான், போவதா வேண்டாமா என்ற இரண்டு வழிகளை மட்டும் பார்த்தார். போகலாம், மண்டபத்துக்கு வெளியே நின்று பத்து நிமிடம் பேசிவிட்டு, சீர் வரிசையைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டைப் பார்சலாக வாங்கிக்கொண்டு வரலாம். ஆபத்தில் பெரும்பகுதி பந்தியில்தான் இருந்தது, மாஸ்க்கைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே சாப்பிட்ட அந்த முக்கால் மணி நேரத்தில்.

இனி அவரிடம் எப்படிப் பேசுவது. அடுத்து வரும் கிருமி வேறு மாதிரி இருக்கலாம், நிபாவைப் போல நெருங்கிப் பராமரிப்பவர்களுக்கு அதிகம் வருவதாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். எப்படிப் பரவுகிறது என்பதை முதலில் கேளுங்கள், முதல் மாதம் சொன்னது ஆறாம் மாதம் மாறினால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். காற்றில் பரவுவது என்றால், “யார் வருவாங்க?” என்று அவர் கேட்கும் இடத்தில் “எவ்வளவு நேரம், ஜன்னல் இருக்கா, சாப்பாடு இருக்கா?” என்று நீங்கள் கேட்டுப் பழக்குங்கள். வாதாடாதீர்கள். வாதாடினால் அவர் தன் அனுபவத்தை எடுத்து வைப்பார், பத்தில் ஏழு தடவை அதுதான் ஜெயிக்கும்.

போனில் எனக்குப் பலித்தது வேறொன்று. “உங்களுக்கு வந்துடும்” என்றால் ஆண்கள், அதுவும் அறுபது தாண்டியவர்கள், சிரிப்பார்கள். “நான் எவ்வளவோ பார்த்தவன்” என்பார்கள். ஒரு நாள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக் காலை அண்ணன் வீட்டுத் திதிக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக இருந்தார். தனிமைக் காலம் முடிய நான்கு நாள் பாக்கி. அபராதம் என்றேன், கட்டுகிறேன் என்றார். வாசலைத் தகரம் அடித்து மூடுவார்கள் என்றேன், அடிக்கட்டும் என்றார். கடைசியில் அண்ணன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், அவளுக்கு ஏழாம் மாதம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தர்ப்பணத்தை இங்கேயே வீட்ல வச்சுப் பண்ணிக்கலாமா தம்பி?” என்று கேட்டார். அதை வாத்தியாரிடம்தான் கேட்க வேண்டும் சார் என்றேன்.